பளிச்சக்கா வீட்டுத் தூசி

அந்த ஊரில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ஆஸ்பத்திரியின் வெள்ளை விரிப்புகளைப் பதினோரு வருடமாகத் துவைத்துக் கொடுப்பவள். அதனால் பளிச்சக்கா. மலைக்குப் போகும் சாலை அவள் வீட்டுச் சுவரை உரசாத குறையாகத் திரும்பும். மொட்டை மாடியில் எட்டுக் கொடிகள். காலை பத்து மணிக்கு நாற்பது விரிப்புகள் காற்றில் படபடக்கும்போது இடுப்பில் கை வைத்து ஒரு நிமிடம் பார்த்து நிற்பாள். அந்த ஒரு நிமிடம்தான் அவளுக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைப்பது.

மலையில் தாது இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "லாரி எந்தப் பக்கமா போகும்?" என்பதுதான். இந்தப் பக்கமாகத்தான். லாரி போனால் தூசி. தூசி வந்தால் விரிப்பு பழுப்பாகும். அப்புறம் ஆஸ்பத்திரியில் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள்.

துளை போடுவதற்கு முன்னால் மலை இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதி வைக்க ஒரு குழு வந்திருந்தது. எத்தனை ஊற்று, எந்தப் பறவை எங்கே கூடு கட்டுகிறது, யார் வீடு எங்கே, தூசி எவ்வளவு, எல்லாம் கணக்கு. பளிச்சக்காவின் கணவர் அந்தக் குழுவுக்கு ஜீப் ஓட்டினார். தூசி அளப்பவளை ஊரார் தூசி மேடம் என்றார்கள். பிற்பாடு யாராவது குறை சொன்னால், முன்னால் எவ்வளவு இருந்தது என்று பார்க்க அந்தக் குழு எழுதும் புத்தகம்தான் ஆதாரம்.

சாலைக்கு மிக அருகில் இருந்த மாடி பளிச்சக்காவினுடையது. அவளே வற்புறுத்தி அங்கே தூசி அளக்க ஒரு ஜாடி வைக்கச் சொன்னாள். அகன்ற வாய், அடியில் கொஞ்சம் தண்ணீர். "முப்பது நாள் இருக்கணும்க்கா. பத்திரமா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள் தூசி மேடம்.

பளிச்சக்கா பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டாள்.

முப்பதாம் நாள் தூசி மேடம் ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். குடிதண்ணீர் போல இருந்தது.

"எப்படி வெச்சிருக்கேன் பாருங்க" என்றாள் பளிச்சக்கா பெருமையாக. "மூணு நாளைக்கு ஒரு தடவை சோப்பு போட்டுக் கழுவி, அதே அளவுக்குப் புதுத் தண்ணி ஊத்திடுவேன். ஒரு தடவை பூச்சிகூட செத்துக் கெடந்துச்சு, மேடம். கண்றாவி!"

தூசி மேடம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஜாடியில் சேர வேண்டியதே அந்தத் தூசிதான் என்று புரிந்ததும் பளிச்சக்காவும் உட்கார்ந்தாள்.

ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "உலகத்துலேயே தூசி மேல கொலைவெறியோட இருக்கறவகிட்ட தூசிய வளக்கச் சொன்னீங்களே மேடம்!"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் பளிச்சக்கா. நாளை மறுநாள் முதல் லாரி வருகிறது. அதற்குப் பிறகு 'முன்னால்' என்பது கிடையாது.

கணவர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசனை சொன்னார். "தூசியே இல்லன்னு எழுதிடுங்க. அப்புறம் ஒரு துளி விழுந்தாலும் கம்பெனிக்காரன் தலையிலதான?"

தூசி மேடம் பதில் சொல்லும் முன் பளிச்சக்கா சொன்னாள்: "கறைய உள்ள வெச்சு மடிச்சா கொடுக்கும்போது தெரியாதுங்க. விரிக்கறப்போ தெரியும். அப்புறம் நல்ல துணியையும் சந்தேகப்படுவாங்க."

தூசி மேடம் நோட்டை எடுத்து, "வீட்டு அம்மா ஜாடியைக் கழுவிவிட்டார், பயனில்லை" என்று எழுதினாள். பிறகு யோசித்துப் பார்த்து, "காத்த உறிஞ்சற மெஷின் ஒண்ணு இருக்குக்கா. ஒரு நாள் முழுக்க ஓட்டினா தாள்ல தூசி பிடிக்கும். முப்பது நாளுக்கு ஈடாகாதுதான். ஆனா ஒண்ணும் இல்லாததுக்குத் தேவலாம்" என்றாள். "ஒரே ஒரு சங்கடம். மெஷின் ஓடறப்போ மாடியில துணி ஆடக்கூடாது. தூசியெல்லாம் துணியிலயே ஒட்டிக்கும்."

பளிச்சக்கா கீழே குவிந்திருந்த மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

விரிப்புக் கணக்கு பார்க்கும் அம்மாள் கண்ணாடியை இறக்கினாள். "லீவா? நீயா? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்ல தூசி புடிக்கணும்."

"வெயில்ல அலையாத, போ. நாளைக்கு ஒரு நாள் உள்ளத வெச்சு சமாளிச்சுக்கறேன்."

மறுநாள் கொடிகள் காலியாகக் கிடந்தன. மெஷின் மிக்ஸி போல முனகியது. பளிச்சக்காவுக்குக் கை ஓடவில்லை. ஒரு டீ போட்டாள். அதைக் குடித்துவிட்டு இன்னொன்று போட்டாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறப் போனவளைக் கணவர் வழிமறித்து உட்கார்ந்துகொண்டார். "இன்னிக்கு இங்க எனக்கு டிரைவர் வேல இல்ல, காவல் வேல." மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள்: பகலில் தூங்கினாள்.

அடுத்த நாள் விடிந்ததும் தூசி மேடம் வந்து தாளைக் கழற்றினாள். வெள்ளையாகப் போன வட்டம் வெளிறிய பழுப்பில் வந்தது.

"ஐயே! என் மாடியிலயா இவ்வளவு அழுக்கு?"

"ஊர் முழுக்க பளிச்சு பளிச்சுன்னு சொன்னாங்களே" என்றார் கணவர்.

"இருக்கட்டும். இது என் தூசி. இதுக்கு மேல வந்தா அவங்க தூசி."

தாளை நிறுத்துப் பார்த்து, தூசி மேடம் அவள் வீட்டு எண்ணுக்கு நேரே எடையை எழுதினாள். பளிச்சக்கா எண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, தன் வீடுதான் என்று உறுதி செய்துகொண்டாள். தெருமுனையில் முதல் லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேற்றையதும் சேர்த்து எண்பது விரிப்புகள் ஊற வேண்டும்.