ஹெப்பகோடியில் ஐந்து ஸ்விட்சும் ஒரு தூங்குமூஞ்சியும்

பெங்களூரு மாநகர மக்களுக்கு அறிவிப்பது யாதெனில்: சென்ற சனிக்கிழமை காலை 6.10 மணிக்கு நான் குளித்தேன். வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை.

காரணம், கவிதா அக்கா. தொழிற்சாலைகளுக்கு நெட்வொர்க் அமைத்துத் தரும் சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். ஹெப்பகோடியில் பாட்டில் மூடி செய்யும் ஆலைக்கு அன்றுதான் முதல்முறையாகத் தனிப்பொறுப்பில் போனாள். மின்பெட்டி திறந்திருக்கையில் பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும் என்பது ஆலை விதி. கூட வரவேண்டியவருக்குக் காய்ச்சல். டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருடம் படிக்கும் நான் மனமிரங்கிச் சம்மதித்தேன்.

ஜோகுபாளையத்திலிருந்து அல்சூர் மெட்ரோ பதினைந்து நிமிட நடை. 7.05க்கு ரயில். மெஜஸ்டிக்கிலும் ஆர்.வி. ரோட்டிலும் மாறி, மஞ்சள் தடத்தில் ஹெப்பகோடி போய் இறங்கும்போது 8.35. டிக்கெட் எண்பது ரூபாய். ஆலை இன்னும் இரண்டரை கிலோமீட்டர்.

“நூறு கொடு குரு. திரும்பி காலியாத்தான் வரணும்” என்றார் ஆட்டோக்காரர்.

“நாங்களும் காலி வயித்தோடதான்ணா போறோம்.”

சிரித்துவிட்டு எண்பதுக்கு இறங்கி வந்தார்.

ஆலையின் ஸ்விட்ச், ஃபேன் போடும் ஸ்விட்ச் அல்ல. உள்ளங்கை அகல இரும்புப் பெட்டி. இயந்திரங்களின் கேபிள்கள் எல்லாம் அதில் வந்து சேரும். எந்த கேபிள் வாசலில் எந்த இயந்திரம், யார் யாரோடு பேசலாம் என்பதையெல்லாம் லேப்டாப்பிலிருந்து தீர்மானிக்கலாம். பெட்டியை நிர்வகிக்க வழி இருக்கிறது, என்னை நிர்வகிக்கத்தான் இல்லை. இப்படி ஐந்து பெட்டிகளை அக்கா வளையமாக இணைத்திருந்தாள். எங்காவது கேபிள் அறுந்தால், தகவல் மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும்.

சூப்பர்வைசர் மஞ்சுநாத் கறாரான ஆள். “நோடம்மா, ஓடுற லைன்ல ஒரு கேபிளை நான் புடுங்குவேன். லைன் நிக்கலைன்னா கையெழுத்து. நின்னுச்சுன்னா சீனியரை அனுப்பச் சொல்லி உங்க ஆபீசுக்கு போன்.”

11.30க்கு மூடி செய்யும் லைன் ஓடத் தொடங்கியது. மூன்றாவது பெட்டிக்கும் நான்காவதுக்கும் இடையிலிருந்த கேபிளைப் பிடுங்கினார். மூடிகள் வருவது நின்றது. வளையம் என்று பெயர்தான், வளைந்து கொடுக்கவில்லை.

மஞ்சுநாத் போனைக் கையில் எடுத்தார். அக்கா முதல் பெட்டியில் கேபிள்களைத் தடவிக்கொண்டிருந்தாள். எதையும் தொடாமல் நான் சொன்னேன்: “அக்கா, மூணாவதைப் பாரு.”

பார்த்தாள். அதில் மட்டும் வளைய அமைப்பே இல்லை. ஐந்து நிமிடத்தில் திரும்பப் போட்டாள். மறுபடி சோதனை. கேபிள் மஞ்சுநாத் கையில் தொங்கியது, மூடிகள் கொட்டிக்கொண்டே இருந்தன.

“பரவாயில்லையே, உன் தம்பி ஷார்ப்பு!” என்றார்.

அடக்கத்தோடு தலையசைத்தேன். மாலை மசால் தோசை கிடைத்தது. ஞாயிறு முழுக்க இதே கதையைத் தெருவில் ஏழு பேரிடம் சொன்னேன்.

இப்படிப் போகிறவர்களுக்கு: அடையாள அட்டையின் அசலைக் கொண்டுபோங்கள், கேட்டில் நகல் செல்லாது. பாதுகாப்பு ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். முக்கியமாக, இந்தப் பெட்டிகளில் அமைப்பை மாற்றினால் உடனே வேலை செய்யும். ஆனால் தனியாகச் சேமிக்காவிட்டால், மின்சாரம் போனதும் மறந்துவிடும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால்... லைன் ஓடத் தொடங்குவதற்கு முன், அக்கா கேன்டீனுக்குப் போயிருந்த நேரத்தில், அவள் லேப்டாப்பில் மூன்றாவது பெட்டியின் பெயரைத் ‘தூங்குமூஞ்சி’ என்று மாற்றினேன். அணைத்துப் போட்டால் அந்தப் பெயரோடு எழுந்திருக்குமா என்று பார்க்க ஆசை. அணைத்துப் போட்டேன். பெயர் போயிருந்தது. கூடவே அவள் காலையில் போட்டுவிட்டு இன்னும் சேமிக்காத வளையமும் போனது அப்போது எனக்குத் தெரியாது. கையெழுத்துத் தாளில் மஞ்சுநாத், “முதல் சோதனை தோல்வி, என்ஜினியர் சேமிக்க மறந்தார்” என்று எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இதை வெளியிடும் முன் அக்காவிடம் காட்டினேன். கடைசி வரை படித்தாள்.

“அன்னிக்கே தெரியும்டா. பக்கத்துப் பெட்டி ரெண்டும் 10.12க்கு மூணாவது செத்துப்போச்சுன்னு பதிவு பண்ணி வெச்சிருந்துச்சு. அப்ப அங்க இருந்தது நீ ஒருத்தன்தான்.”

“அப்புறம் ஏன் அவர்கிட்ட சொல்லலை?”

“சேமிக்காம எழுந்து போனது நான்தானே.”

அந்த ஏழு பேரையும் இன்று மாலை திரும்பப் பார்க்க வேண்டும். மஞ்சுநாத்தையும் சேர்த்தால் எட்டு.