பேர்வெட்டு செட்டுக்கு அடி எடுத்துக் கொடுத்தவள்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் வயதாகி வேலையிலிருந்து நிறுத்தினால் "பேர் வெட்டியாச்சு" என்பார்கள். மஸ்டர் புத்தகத்தில் அந்த ஆளின் பேருக்கு மேல் ரைட்டர் சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார், அவ்வளவுதான். அப்படிப் பேர் வெட்டப்பட்ட ஒன்பது பேர் சேர்ந்து எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் பாட ஆரம்பித்தார்கள். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் ஜனங்கள் அவர்களுக்குப் 'பேர்வெட்டு செட்' என்று பட்டம் கட்டினார்கள். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "இன்னிக்கி செட்டு எத்தன மணிக்கி?" என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

ஒன்பது பேரில் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. அதனால் ஒருத்தர் நோட்டைப் பார்த்து ஒரு அடியைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதை ராகத்தில் இரண்டு தரம் பாட வேண்டும். பிறகு அடுத்த அடி. இதற்குப் பெயர் அடி எடுத்துக் கொடுப்பது. முன்பு அதைச் செய்துவந்தவர் பாட்டும் கட்டுவார். கண்ணில் புரை விழுந்து அவர் திருநெல்வேலிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போனபோது நோட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அது என் கைக்கு வந்தது. எனக்கு அப்போது நாற்பது வயது, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். கூட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும்.

"எனக்கு வேண்டாம் மாமா, நான் பயந்தவ" என்று செட்டின் தலைவரிடம் சொன்னேன். அவர் பழைய கங்காணி. எங்களுக்கு அடுத்த வீடு.

"பயந்தவதான் பாத்துப் பாத்துச் சொல்லுவா. புடி நோட்ட" என்றார்.

நான் பயந்தவள் என்பது எஸ்டேட்டுக்கே தெரியும். மாநிலம் பிரிக்கப்போகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு வந்த வருஷம் அது. எங்களை எந்தப் பக்கம் சேர்ப்பார்களோ, நடு ராத்திரியில் லயத்தைக் காலி பண்ணச் சொல்வார்களோ என்று ஒரு மாதம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டியே வைத்திருந்தேன். அதிலிருந்து ஒரு கரண்டியை உருவுவதற்கு என் வீட்டுக்காரர் தினமும் முடிச்சு அவிழ்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் ஒத்திகை. முதல் நாளே முதல் அடியில் எனக்கு எழுத்துத் தட்டியது. "கொஞ்சம் பொறுங்க, எழுத்து வெளங்கல" என்றேன்.

ஒன்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்க, எழுத்து வெளங்கல" என்று உருக்கமாக இரண்டு தரம் பாடினார்கள்.

நான் திகைத்துப்போய்க் கங்காணியைப் பார்த்தேன். அவருக்கு என் மேல்தான் கோபம்.

"அவங்க சரியாத்தான் பாடுனாங்க. நீதான் தப்பாச் சொன்ன. இந்தச் செட்டுல சொன்னதப் பாடணும், யோசிக்கப்படாது. ஆளாளுக்கு யோசிச்சா எரநூறு பேர எப்பிடி மல மேல ஏத்தியிருப்பேன்? நிறுத்தணும்னா வாயத் தொறக்காத, கையத் தூக்கு."

வலக்கையைத் தூக்கினால் நிறுத்தம் என்று முடிவாயிற்று. பாடும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவர் மூடுவதால் மற்ற எட்டுப் பேரும் மூடுவார்கள். தூக்கின கையை யார் பார்ப்பது என்று எனக்கு அப்போதே கவலை வந்தது. கேட்டால் அதையும் பாடிவிடுவார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கோயிலைக் கவனித்துக்கொள்ளப் புது உபதேசியார் வந்தார். நாகர்கோவில் பக்கத்து இளைஞர், ஆர்மோனியம் வாசிப்பார். வாலிபர்களைச் சேர்த்துப் புத்தகம் பார்த்துப் பாடும் குழு ஒன்றை ஆரம்பித்தார். பெரியவர்களை அவர் அவமதித்துப் பேசியதில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு நாள் கங்காணியையும் என்னையும் கூப்பிட்டு, "அறுப்புப் பண்டிகைக்கு பாதிரியார் ஐயா மூணாறுல இருந்து வாராங்க. உங்களுக்கு ஒரு பாட்டு. தடங்கல் இல்லாமப் பாடுனீங்கன்னா கிறிஸ்மஸ்லயும் பாடலாம். இல்லன்னா இனிமே சபையோட உக்காந்து பாடிக்கலாம், என்ன?" என்றார்.

"ஆகட்டும் தம்பி" என்றார் கங்காணி.

அவர் பேர் வெட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இன்னும் காலைச் சங்கு ஊதியதும் எழுந்து பழைய கங்காணிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். ஆட்கள் எல்லாரும் மலை ஏறிப் போனபிறகு உள்ளே போய்க் கோட்டைக் கழற்றி மாட்டுவார். பக்கத்து வீடு என்பதால் நான் தினமும் பார்ப்பேன். கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் போவதற்கு இருந்த ஒரே இடம் அந்தக் கொட்டகைதான். அதையும் என் நாக்கு கெடுத்துவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பண்டிகை வரை வரிசையாகக் கவலைப்பட்டேன். மழையில் நோட்டு நனையுமோ என்று தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை, பேக்டரியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரிடம் வாங்கிச் சுற்றினேன். ஈயத்தாள் ஏது என்று பேக்டரி ஆள் யாராவது கேட்பார்களோ என்று அதன்மேல் துணியைச் சுற்றினேன். கோயிலுக்குள் மூடுபனி புகுந்து எழுத்து மறையுமோ என்று பாட்டை மனப்பாடம் செய்தேன். இருமல் வருமோ என்று பனங்கற்கண்டு வாங்கினேன். ஆட்டைப் பற்றி மட்டும் நான் கவலைப்படவில்லை.

அறுப்புப் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். பூசணி, பீன்ஸ், ஏலக்காய், கோழி. மேல் லயத்துக்காரர் ஒருவர் ஆடு கொண்டுவந்தார். வெளியே தூறல் போட்டதால் அதை உள்ளே காணிக்கை மேசையின் காலில் கட்டினார்கள். அந்த மேசையை ஒட்டித்தான் எங்கள் செட் நின்றது. கங்காணி கோட்டுக்கு மேலே, பேர் வெட்டிய அன்று கம்பெனி கொடுத்த புதுக் கம்பளியைப் போர்த்தியிருந்தார். அதுவரை அதைப் பெட்டியை விட்டு எடுத்ததில்லை. நான் எதிரே நின்றேன். நடுவில் பூசணிக் குவியல்.

இரண்டு சரணம் நன்றாகவே போயிற்று. ஆர்மோனியத்துக்குப் பின்னால் உபதேசியார்கூடத் தலையாட்டினார். மூன்றாவது சரணத்தில் "மழையைத் தந்தீர், வெயிலைத் தந்தீர்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். ஆடு கம்பளியின் ஓரத்தை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது.

கையைத் தூக்கினேன். ஒன்பது ஜோடிக் கண்ணும் மூடியிருந்தன. அவர்கள் இரண்டாம் தரமும் பாடி முடித்து அடுத்த அடிக்காகக் காத்து நின்றார்கள். கம்பளி ஒரு சாண் உள்ளே போய்விட்டது. என்னால் தாங்க முடியவில்லை. குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கட்டும் என்று, "ஆடு கம்பளியத் திங்குது மாமா" என்றேன்.

"ஆடு கம்பளியத் திங்குது மாமா" என்று ஒன்பது பேரும் பாடினார்கள். இரண்டாம் தரம் 'மாமா'வை நீட்டி மேலே கொண்டுபோனார்கள். எல்லாரையும்விடக் கங்காணியின் குரல்தான் உரக்கக் கேட்டது.

"ஐயோ, இது பாட்டு இல்ல" என்றேன். அதைப் பாடினார்கள்.

"யாரும் பாடாதீங்க." அதையும் பாடினார்கள், தாளம் தப்பாமல்.

சபையில் பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் வைத்தாயிற்று. ஒருவர் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தவர் நிமிரவே இல்லை. என் கையிலிருந்து நோட்டு நழுவிப் பூசணிகளுக்கு நடுவில் விழுந்தது. மனப்பாடம் செய்த பாட்டு ஒரு எழுத்துகூட மிச்சமில்லாமல் போயிருந்தது. உபதேசியார் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். போயிற்று, இனி கங்காணி கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கே போவார் என்று நினைத்தேன். ஒன்பது முகமும் அடுத்த அடிக்காக என் பக்கம் திரும்பியிருந்தன. மனதில் இருந்ததுதான் வாயில் வந்தது.

"ஆண்டவரே, தப்பு என் மேல."

பாடினார்கள்.

"இவங்கள உக்கார வச்சிராதேயும்."

அதையும் இரண்டு தரம் பாடினார்கள். சிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒன்றிரண்டு பேர் முந்தானையைக் கண்ணுக்கு உயர்த்தினார்கள். "ஆமென்" என்றேன். மூன்று ஆமென் பாடிக் கண்ணைத் திறந்தார்கள்.

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. பிறகு உபதேசியாரைக் கூப்பிட்டார். முன்வரிசைக்கே கேட்டது.

"யாருப்பா இவங்களப் பழக்குனது?"

"அந்தக் கங்காணி ஐயாதான். மன்னிக்கணும் ஐயா, கொஞ்சம் தடங்கலாப் போச்சு."

"தடங்கலா? ஒரு குரலாவது பிசகுச்சா? உம்ம பையன்க புத்தகத்த வச்சுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் போனானுங்க. கிறிஸ்மஸ்க்கும் இவங்க பாடட்டும். ஆட்ட மட்டும் வெளிய கட்டும்."

உபதேசியார் என்னைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். கிறிஸ்மஸுக்கு ஐந்து வாரம் இருந்தது. நான் அங்கேயே அதற்குக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

தூறல் நின்றதும் லயத்துக்குத் திரும்பினோம். கங்காணி கம்பளியை விரித்து ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"ஏட்டி, ஆடு இதத் திங்கும்போது நீ பாத்துக்கிட்டுதான நின்ன?"

"ஆமா மாமா."

"ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"சொன்னேன் மாமா. நீங்கதான் ரெண்டு தரம் பாடுனீங்க."

அவர் நின்றார். "எந்த எடத்துல?"

"மூணாவது சரணம். மழை, வெயிலுக்கு அடுத்தாப்ல."

கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, விரலால் தாளம் தட்டி, மழையிலிருந்து மெல்ல முனகிக்கொண்டு வந்தார். ஆட்டிடம் வந்ததும் 'மாமா'வை மேலே கொண்டுபோய் இறக்கினார்.

"மெட்டுல நல்லாத்தான் உக்காருது" என்றார்.