மசக்கைக்குக் கேட்ட பீடி

மசக்கையில் எல்லாரும் மாங்காய் கேட்பார்கள், புளி கேட்பார்கள். நான் பீடி வாசம் கேட்டேன். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே கேட்டேன்.

எண்பத்துமூன்று கலவரத்துக்கு மறு வருஷம் அது. கல்யாணமாகி நாவுலைக்கு வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் காலையில் மரக்கறி லொறியில் தம்புள்ளைப் பக்கம் போனால் பொழுது சாயத்தான் வருவார். அக்கம்பக்கம் எல்லாம் சிங்கள வீடுகள். நல்ல சனங்கள்தான், ஆனால் அந்த நாளில் பயத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. பகல் முழுக்க நான் வாயைத் திறந்தது கோழி விரட்ட மட்டும்தான். அப்படியொரு தனிமை.

தாயில்லாத என்னை வளர்த்தவர் அப்பா. மாத்தளைக்கு மேலே தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தார். பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் பிள்ளைத்தாய்ச்சியை பஸ்ஸில் அனுப்ப வீட்டுக்காரருக்குப் பயம். அப்பாவின் சட்டை, போர்வை, அவர் ஊற்றித் தரும் தேத்தண்ணி எல்லாவற்றிலும் பீடி வாசம் அடிக்கும். அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் வெட்கத்தை விட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பீடியைத் தொட்டறியாத மனுஷன். "அடிப்பாவி, கேக்குறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா?" என்று சிரித்தார். மறுநாள் ஒரு கட்டு வாங்கி வந்தார்.

"மசக்கையில ஆசப்பட்டதக் குடுக்காட்டி புள்ளைக்குக் காதுல சீழ் வடியும்னு எங்கம்மா சொல்லுவாங்க. எதுக்குப் புள்ள வம்பு?"

பற்றவைத்தார், இருமினார், கண்ணில் தண்ணீர் விட்டார். நான் ஒட்டி உட்கார்ந்து மூக்கு நிறைய இழுத்தேன். அப்பா பக்கத்தில் இருப்பது போலிருந்தது. பிள்ளை பிறக்கும் வரை தினமும் இப்படித்தான். அதற்குள் வீட்டுக்காரருக்கு அது விட முடியாத பழக்கமாகிவிட்டது.

மகன் எலிக்குஞ்சு மாதிரிப் பிறந்தான். கொஞ்சம் குளிர்ந்தால் நெஞ்சு இழுக்கும். ஒரு வயதில் இடது காதில் சீழ் வடிந்தது. நின்றது, மறுபடி வடிந்தது. "ஐயோ, ஆசப்பட்டதக் குடுத்தோமே!" என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, வீட்டில் புகைப்பது யார் என்று சிங்களத்தில் கேட்டார். பிள்ளை வயிற்றில் இருந்தபோதுமா என்றும் கேட்டார். இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். ஆனால் தாய் சுவாசிக்கும் புகை வயிற்றுப்பிள்ளையையும் பாதிக்குமாம். அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு நெஞ்சிலும் காதிலும் நோய் சுலபமாக வருமாம். நான் வாயைத் திறக்குமுன் வீட்டுக்காரர் சிங்களத்தில் முந்திக்கொண்டார். நான்தான் குடித்தேன், அவள் வேண்டாமென்றுதான் சொன்னாள் என்றார்.

அந்தப் பொய்யை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இருபது வருஷத்துக்கு மேல் விடவில்லை. வெட்கங்கெட்டவள்.

மகனுக்கு இடது காது கேட்காமலே போயிற்று. இப்போது அவன் மனைவிக்கு ஆறு மாதம். எங்களோடுதான் இருக்கிறார்கள். போன மாதம் அவன் அப்பன் பீடியோடு உள்ளே வர, மகன் எரிந்து விழுந்தான்.

"எங்காதக் கெடுத்தது பத்தாதா? எம்புள்ளையையும் கெடுக்கணுமா? அந்த நாத்தத்தோட உள்ள வராதீங்க!"

அவன் சொன்னதில் என்ன பிழை? அவர் கதிரையைத் தூக்கி வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாப்பாடும் அங்கேதான்.

ஒரு மத்தியானம் மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இடது காதுப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"அப்பாவ ஏசாதய்யா. அந்தப் பீடியக் கேட்டது நான்தான்."

அவன் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா சொன்னீங்க?" என்றான்.

"கொழம்பு ஊத்தவான்னு கேட்டேன்."

ஊற்றினேன். வாசலில் இருந்தவருக்கு இரண்டுமே கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.