சிடி போட வாயில்லாத லேப்டாப்புகள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் கெட்டுப்போன பொருளைச் சரிசெய்வது சுலபம். நன்றாக இருக்கும் பொருள் ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்லிப் புரியவைப்பதுதான் பாடு.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் கொடைக்கானலில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். குட்டி லேப்டாப்புகள் வரத் தொடங்கிய நேரம். அவற்றில் சிடி போட இடமே கிடையாது. தனியாக ஒரு டிரைவ் வாங்கி ஒயரில் மாட்டவேண்டும். மாட்டினாலும், உள்ளே இருக்கும் சிஸ்டம், கம்பெனி கொடுத்ததைத் தவிர வேறெதையும் ஏற்றவிடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் முழித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நானும் ஒரே கட்சி.

இரட்டைத் தலை ஒயர்

அட்டுவம்பட்டியில் ரிட்டயரான சர்வேயர் ஒருவர் லேப்டாப்பும் டிரைவும் வாங்கிப்போனார். மறுநாளே திரும்பி வந்தார். சிடியைப் போட்டால் கிர் கிர் என்று இழுத்துவிட்டு நின்றுவிடுகிறதாம். பார்த்தேன். அந்த டிரைவின் ஒயர் முனையில் இரண்டாகப் பிரியும். ஒன்றை மட்டும் சொருகினால் கரண்ட் பத்தாது, இரண்டையும் சொருகவேண்டும். லேப்டாப்பில் இருந்த ஓட்டைகள் மொத்தம் மூன்று. ஒன்றில் இன்டர்நெட் குச்சி, இன்னொன்றில் மவுஸ்.

மவுஸைப் பிடுங்கிவிட்டு இரண்டு தலையையும் சொருகினேன். சிடி ஓடியது. அவர் மேசைமேல் கிடந்த மவுஸையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இனிமே நான் சிடி பாக்கணும்னா எலிய வெளிய விடணும். அப்படித்தான தம்பி?"

அனுமதி தருகிறவர்

ஏரிப்பக்கம் ஒரு லாட்ஜ். அதன் மேனேஜருக்குச் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு லேப்டாப் கொடுத்திருந்தார்கள். பிறகு கணக்கு எழுதும் புது மென்பொருளைச் சிடியில் அனுப்பி, மாதக் கணக்கை அதில்தான் போடவேண்டும் என்று உத்தரவு. தாமதமானால் பேச்சு வாங்குவது அவர்தான். டிரைவை எடுத்துப்போய் மாட்டினேன். சிடி சுற்றியது. மென்பொருளை ஏற்றப்போனால், அட்மினிஸ்ட்ரேட்டரின் அனுமதி வேண்டும் என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

சென்னைக்குப் போன் போட்டார். அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் லீவில், குடும்பத்தோடு டூர் போயிருக்கிறார் என்றார்கள். எங்கே என்று கேட்டால், கொடைக்கானல். மறுநாள் காலையில் போட் ஹவுஸ் வரிசையில் அவரைக் கண்டுபிடித்தோம். மேனேஜர் கையில் லேப்டாப், என் கையில் டிரைவ். மனிதர் குரங்குக் குல்லாவைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். ஆனாலும் மேனேஜர் அந்த மாதக் கணக்கைக் கையால் எழுதித்தான் அனுப்பவேண்டியிருந்தது. ஏனென்றால் அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் சொன்ன பதில் இது: "பாஸ்வேர்டு எனக்கு மனப்பாடம் இல்லீங்க. ஆபீஸ்ல என் டேபிள்ல ஒட்டி வச்சிருக்கேன். அதைப் பார்த்துச் சொல்ல அங்க யாருக்கும் அனுமதி கிடையாது."

ஈரம்

மார்கழி, தை மாதங்களில் டிரைவுக்குள் இருக்கும் லென்ஸில் ஈரம் படிந்துவிடும். சிடி படிக்காது. கொஞ்ச நேரம் கதகதப்பான இடத்தில் வைத்தால் சரியாகிவிடும். சாக்லேட் கடை வைத்திருந்த ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் டிரைவைத் தன் கம்பளிச் சால்வையில் சுற்றி, ஹீட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார். அது வேலை செய்தது. அவர் கணவர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்குச் சளி புடிச்சு ஒரு வாரமாச்சு. அந்த நாற்காலி எனக்குக் கெடைக்கல" என்றார்.

மன்னவனூரில்

பார்வதி அக்கா மன்னவனூரில் கேரட் தோட்டத்தில் கூலிவேலை பார்த்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்து, கல்யாண வயதில் பெற்றோருடன் இந்தப் பக்கம் வந்தவர். அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். பிறகு பார்க்கவும் இல்லை, போனில் பேசவும் இல்லை. அந்த அண்ணன் தன் மகள் கல்யாணத்தை டிவிடியில் பதிந்து, ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார். வீட்டில் பிளேயர் இல்லை. அக்காவின் மகன் முருகேசனுக்கு ஆபீஸில் கொடுத்த குட்டி லேப்டாப் மட்டும் இருந்தது. டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாட்டினேன். திரை கறுப்பாகவே கிடந்தது. நாதஸ்வரம் மட்டும் கேட்டது. அந்தப் படத்தைக் காட்டும் மென்பொருள் அதில் இல்லை, புதிதாக ஏற்றவும் விடவில்லை. நிறுத்தப்போனேன். "இருங்க தம்பி, ஓடட்டும்" என்றார் அக்கா. கூட்டத்துச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஆண்குரல்: "யாரும் சாப்புடாம எறங்கிறக் கூடாது, சொல்லிப்புட்டேன்." அக்கா முருகேசனின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கண்ணன்டா. லயத்துல எங்களையும் இப்படித்தான் அதட்டும்." அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். நானும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

டிவிடியை வாங்கிவந்து, அந்த லேப்டாப் ஏற்றுக்கொள்ளும் விதமாகக் கடையில் மாற்றி, அடுத்த வாரம் மறுபடி போனேன். இந்தத் தடவை படம் தெளிவாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். தலை முழுக்க நரைத்து, முன்பல் விழுந்து, கூன்போட்ட ஒருவர் பந்தியில் நின்று எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார். அக்கா திரையை உற்றுப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்: "படத்த மூடிட்டுச் சத்தத்த மட்டும் வைங்க தம்பி. இந்தப் பெரியவர எனக்குத் தெரியல. பேசுறதுதான் எங்கண்ணன்."

மொத்தத்தில், லேப்டாப் செய்தவர்கள் அதன் எடையைக் குறைத்தார்கள், குறைத்த எடையை மலைப்பாதை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனது நான்.