இந்தப் பக்கம் புடி

எனக்கு ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவின் மோவாயைப் பிடிப்பேன். பிடித்துக் கெஞ்சினால் அவள் இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. ஜவ்வுமிட்டாய், ரிப்பன், திருவொற்றியூர்த் தேருக்கு ராட்டினம், எல்லாம் அந்த மோவாய் கொடுத்த வரம். காசிமேட்டுக் கரையில் மீன் எடுத்து ராயபுரம் தெருக்களில் கூவி விற்கிறவள் அவள். ஊரையே அதட்டுகிற அந்த வாய் என் இரண்டு விரலுக்கு அடங்கிவிடும்.

அவளுடைய இடது தாடை மெல்ல மெல்லப் புடைத்தது. வலி இல்லை. வெற்றிலையை அடக்கி வைத்திருக்கிறாள் என்றுதான் தெருவில் நினைத்தார்கள். அவளும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். விரலால் அழுத்தினால் உள்ளே முட்டை ஓடு நொறுங்குகிற மாதிரி நெறுநெறுக்கும். தோழிகளைக் கூட்டி வந்து அழுத்திக் காட்டிச் சிரித்திருக்கிறேன். பிறகு கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அத்தை, புற்றாக இருக்குமோ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

அப்பா பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். நான் அழுத்துகிற அதே இடத்தில் டாக்டரும் அழுத்தினார், அவர் சிரிக்கவில்லை. ஊசி குத்தி மஞ்சள் நீர் எடுத்தார், எக்ஸ்ரே பிடித்தார். புற்று இல்லை என்றார். செத்துப்போன பல்லின் வேரில் நீர்ப்பை கட்டி, எலும்பை உள்ளேயே கரைத்துக்கொண்டிருக்கிறதாம். கூடையோடு தடுக்கி விழுந்தால் தாடை உடைந்துவிடும், பையை அறுத்து எடுத்தே ஆகவேண்டும். அப்புறம் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் நரம்பு, நரம்பு என்று ஏதோ சொன்னார். அப்பாவுக்கு ஒரே கவலைதான்.

"பேச்சு வந்துருமா சார்? இவ கூவினாத்தான் வூட்ல அடுப்பு எரியும்."

பேச்சு வந்தது. வாய்க்குள்ளே அறுத்து, இரண்டு பல்லைப் பிடுங்கி, பையை முழுசாக உரித்து எடுத்தார்களாம். வீட்டுக்கு வந்தவள் கஞ்சி குடிக்கும்போது இடது ஓரமாக வழியும். அவள் துடைக்க மாட்டாள், நான்தான் துடைப்பேன். வீக்கம் வற்றி மறுபடியும் என் அம்மா மாதிரி ஆன ஒருநாள், ஆசையாக, வழக்கம்போல இடது ஓரமாக மோவாயைப் பிடித்தேன். என் கையை எடுத்து வலது பக்கம் வைத்தாள்.

"அங்க வாணாம் கண்ணு. இந்தப் பக்கம் புடி."

இன்னும் வலிக்கிறது போலும் என்று நினைத்தேன். பாவம், எதற்கு அவளைப் படுத்துவது? அன்றோடு மோவாயைத் தொடுவதையே விட்டேன். கேட்க வேண்டியதைத் தள்ளி நின்று கேட்டேன். சில நாள் அவளே வந்து முகத்தைத் தாழ்த்தி, "இன்னாடி, ஒண்ணும் வாணாமா ஒனக்கு?" என்பாள். வேண்டாம் என்று சமர்த்தாகத் தலையாட்டுவேன். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அத்தை மெச்சினாள்.

அம்மா போய்ப் பல வருஷம் கழித்து எனக்கும் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். மரத்த வாயோடு வீட்டில் வந்து உட்கார்ந்தேன். என் மகள் மிட்டாய்க்காக என் மோவாயைப் பிடித்தாள். அவள் கை கண்ணுக்குத் தெரிந்தது, பிடித்தது தெரியவில்லை. எனக்குச் சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. அம்மாவுக்கு அது சாகிறவரை அப்படியே இருந்திருக்கிறது. அந்தப் பக்கம் அவளுக்கு வலிக்கவே இல்லை. நான் பிடிப்பது தெரிய வேண்டுமென்றுதான் என் கையை நகர்த்தி வைத்திருக்கிறாள். நாலு தெருவுக்குக் கேட்கக் கூவுகிறவள், இதை மட்டும் என்னிடம் வாயைத் திறந்து சொல்லவில்லை பாருங்கள்.