ஆகட்டுங்க என்றால் இல்லை

‘ஏனுங்க...’ என்று இழுத்துவிட்டுத் தம்பிதுரை கண்களை மூடிக்கொள்வார். அடுத்த சொல் லேசில் வராது, தொண்டையில் நின்று அடம்பிடிக்கும். அவசரக்காரர்கள் அதற்குள் போனை வைத்துவிடுவார்கள். வைக்காதவர்களிடம்தான் அவர் பேச்சு நடக்கும். மனிதர் பிறவியிலேயே திக்குவாய். இழுத்துப் போட்டுக்கொண்ட வேலையோ போனில் நன்கொடை கேட்பது! கேட்டால் சிரிப்பு வருகிறதல்லவா? அவருக்கும் வரும்.

பிழைப்புக்குப் பல்லடத்தில் விசைத்தறி உதிரிபாகக் கடை. மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் டீயை ஆறவிட்டுப் போனை எடுப்பார். கோவைப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாலை வகுப்பில் அவரோடும் அவருக்குப் பின்னாலும் ஜெர்மன் படித்தவர்களைத் தேடிப்பிடித்துக் கூப்பிடுவார். ஆசிரியர் சம்பளத்தைப் பழைய மாணவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் வகுப்பு நடக்கும் என்று பல்கலைக்கழகம் கையை விரித்துச் சில வருடம் ஆகிறது.

சரி, அவருக்கு ஜெர்மன் எவ்வளவு வரும்? வணக்கம், நன்றி, என் பெயர் தம்பிதுரை. தீர்ந்தது சரக்கு. அந்த நன்றியைக்கூட ஊர் மரியாதை விடாமல் ‘டாங்கேங்க’ என்பார். தறி நாடாவுக்கும் ஜெர்மனுக்கும் என்ன சம்பந்தம் என்று மனைவி மோகனப்பிரியா குடைந்துகொண்டே இருந்தார். ஒருநாள் பதில் வந்தது. மனைவியிடம் பேசும்போது அவருக்குத் திக்கல் குறைவு.

“பள்ளிக்கொடத்துல நா வாயத் தொறந்தாலே சிரிப்பாங்க அம்மணி. அந்த வகுப்புல அல்லாருமே திக்குனாங்க. மில்லுக்காரரு பையன் அங்கப்பன்கூட ஒவ்வொரு வார்த்தைக்கும் முக்குனாரு. யாரு திக்குவாயின்னே தெரியல. அங்கதான் எனக்கு நாலு பேருக்கு முன்னால பேச்சே வந்துது.”

அதற்குப் பிறகு மோகனப்பிரியா கேட்கவில்லை. டீ ஆறினால் சூடாக்கிக் கொடுத்துவிடுவார்.

இந்த வருடம்தான் வினை வந்தது. வகுப்பெடுக்கும் ரம்ஷா சென்னைப் பெண். தம்பிதுரைக்கு ஒத்தாசையாகப் பாதிப் பேரை அவரே கூப்பிட்டார். அத்தனை பேரும் ‘ஆகட்டுங்க, பாத்துக்கலாமுங்க’ என்றார்கள். பாவம், அந்தப் பெண் பூரித்துப்போய், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று அலுவலகத்தில் சொல்லி மாணவர்களையும் சேர்த்துவிட்டார். அவர்களிடமிருந்து பணம் வரவேயில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வகுப்பும் இல்லை, அவருக்கு வேலையும் இல்லை.

கண் கலங்கிக் கடையில் வந்து நின்றவருக்குத் தம்பிதுரை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“ஆ... ஆகட்டுங்கன்னா இங்க இல்லைன்னு அர்த்தமுங்க. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல எங்காளுகளுக்கு வாய் வராதுங்க.”

“அது தெரியாம எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே சார்!”

தம்பிதுரை போனை எடுத்து அங்கப்பனைக் கூப்பிட்டார். இன்றைக்கு மில் முதலாளி. ரம்ஷாவிடம் ஆகட்டும் சொன்னவர்களில் ஒருவர். கடைக்கும் அவர்தான் பெரிய வாடிக்கை. ஆமாவா இல்லையா என்று ஒருவரை வெட்டென்று கேட்பது இந்தப் பக்கத்தில் சண்டைக்கு நிற்பதற்குச் சமம். தம்பிதுரை ஆயுளில் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

“ஏனுங்க... ஆகட்டுமெல்லாம் வேண்டாமுங்க. கு... கு... கு...”

சொல் நின்றுவிட்டது. முகம் சிவந்து நெற்றி நரம்பு புடைத்தது. வேறு யாராவது என்றால் அந்தச் சொல்லைத் தாங்களே முடித்துவைத்துப் பேச்சை மாற்றியிருப்பார்கள். அங்கப்பன் மாற்றவில்லை. போனை வைக்கவுமில்லை.

“...குடுப்பீங்களா, மாட்டீங்களா?”

ரம்ஷா முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“குடுக்கறனுங்க தம்பிதுரை. நாளைக்கே அனுப்பிப்போடறேன். மத்தவங்க குடுத்தது போக மீதியும் என்னுதுங்க. நீங்களே இப்படிக் கேக்கறீங்கன்னா, அந்த வகுப்பு...” மேலே அவருக்கும் பேச்சு வரவில்லை.

தம்பிதுரை அவசரப்படாமல் காத்திருந்தார். பிறகு ஸ்பீக்கரைப் போட்டார்.

“குடுக்கறேன்னு சொன்னீங்கல்லங்க, அத இன்னொருக்காச் சொல்லுங்க. டீச்சரு கேக்கோணும்” என்று போனை ரம்ஷாவின் பக்கம் நீட்டினார்.