வேறொருவர் பேரில் இருந்த மோடம்

திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்கு விடாக்கண்டி என்று பெயர். ஜன்னல் திரையில் ஒரு மடிப்பு கோணினாலும், வாங்க வந்தவரே போதும் என்று சொன்னாலும், பிரித்துத் தைத்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். வீட்டிலும் அதே கதை. இஸ்திரிப்பெட்டியோ கதவுத் தாழ்ப்பாளோ, எது மக்கர் செய்தாலும் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்துவிடுவாள். பஸ் ஓட்டும் அவள் கணவர், "புதுசு வாங்கினா குறைஞ்சா போயிடுவோம்?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவர்.

அவளுக்கு உயிர் இரண்டு: ஒன்று சதுரங்கம், இன்னொன்று வெளியூரில் இருக்கும் அக்கா. ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டும் சேர்ந்துவிடும். அவரவர் வீட்டில் ஒரு பலகையை விரித்து, காய் நகர்த்துவதைப் போனில் சொல்லிச் சொல்லி ஆடுவார்கள். ஆட்டம் பெரும்பாலும் சண்டையில்தான் முடியும்.

"என் குதிரை எப்படிடி அங்க போச்சு? நான் அதைத் தொடவே இல்லையே!"

"நீதானேக்கா நகர்த்தச் சொன்னே!"

"சும்மா அளக்காதே. இங்க இன்டர்நெட் போட்டாச்சு. நீயும் போடு. ஒரே பலகையை ரெண்டு பேரும் பார்க்கலாம். அப்ப தெரியும் உன் வண்டவாளம்."

அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாளே பழைய சாமான் கடைக்குப் போய் டிவி கேபிள் வழியாகவே இன்டர்நெட் தரும் ஒரு கேபிள் மோடத்தை வாங்கி வந்துவிட்டாள். கொழுந்தன் கொடுத்த பழைய லேப்டாப் ஏற்கெனவே இருந்தது. டிவிக்கு வரும் கேபிளைப் பிரித்து மோடத்தில் மாட்டினாள். விளக்கு சிமிட்டியது, சிமிட்டியது, சிமிட்டிக்கொண்டே இருந்தது; இன்டர்நெட் வரவில்லை.

கேபிள் கம்பெனிக்குப் போன் செய்தாள். பேசிய பெண் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னாள். எழுத்து எறும்பை விடச் சின்னது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்து முடித்தாள்.

"மேடம், இந்த மோடம் வேற ஒருத்தர் பேர்ல இருக்கு. அவங்க எங்ககிட்ட சொல்லி விடுவிச்சாதான் உங்க பேருக்கு மாத்த முடியும்."

"அவர் யாருங்க?"

"அதைச் சொல்லக் கூடாது மேடம்."

"பேசாம தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கேன்" என்றார் கணவர். அவள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

பழைய சாமான் கடைக்காரர் தலையைச் சொறிந்து, யோசித்து, "நம்ம தபால்காரர் கொடுத்ததும்மா. ரிட்டயர் ஆயிட்டார். பேக்கரிக்குப் பின்னாடி பச்சை கேட்" என்றார்.

பச்சைக் கேட்டைத் திறந்த தபால்காரருக்கு விஷயம் புரிந்ததும் ஒரே குஷி. வேலையை விட்டதிலிருந்து அவரைத் தேடிக்கொண்டு யாரும் வருவதில்லையாம். உடனே கேபிள் கம்பெனிக்குப் போன் செய்து, அதை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தார். அவர் மனைவியும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"உங்க ரகசியக் கேள்வி சார்: உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு எது?"

"என் சம்சாரம் செய்யுற மீன் வறுவல்!" என்றார் தபால்காரர், பட்டென்று. மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"தப்பு சார்."

"அப்ப... இவ வைக்கிற கோழி சூப்?"

"அதுவும் இல்லை சார். இன்னும் ஒரே ஒரு தடவைதான் சொல்லலாம்."

தபால்காரர் நெளிந்தார். மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, போனில் வாயை வைத்துக் கிசுகிசுத்தார்: "எங்க அக்கா போடுற ஆம்லெட்."

"அக்கா ஆம்லெட்! ரொம்பச் சரி சார்!" ஸ்பீக்கர் வீடு அதிர அலறியது.

"இத்தனை வருஷம் என் கைப்பக்குவம்தான் உசத்தின்னு சொன்ன வாயா இது?" என்று இடுப்பில் கைவைத்து எழுந்த அந்த அம்மாள், கணவர் விழித்த விழியைப் பார்த்துத் தானே சிரித்துவிட்டார். விடாக்கண்டிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீ குடிக்காமல் விடமாட்டேன் என்று பிடித்து உட்காரவைத்தார்கள். மோடம் விடுதலையானது.

வீட்டுக்கு வந்து மறுபடி மாட்டினால், விளக்கு இன்னமும் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் விடவில்லை. திரும்பவும் போன் போட்டாள். "உங்க பேருக்கு மாத்தியாச்சு மேடம். ஆனா சிக்னல் சரியா வரலை. கேபிள் திருகு லூசா இருக்கான்னு பாருங்க" என்றாள் அந்தப் பெண். விடாக்கண்டி கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்து, சுவரிலிருந்த திருகை இறுக்கினாள்.

"ஏய், நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று கத்தினார் கணவர்.

"ஐயையோ, என்ன நின்னுடுச்சு?"

"சிமிட்டுறது!"

அவள் தலையில் கட்டில் சட்டம் இடித்ததுகூட உறைக்கவில்லை. ஒட்டடையோடு எழுந்துவந்து, ஆடாமல் அசையாமல் எரியும் அந்தப் பச்சை விளக்கைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரையில் ஒரே பலகை. காதில் அக்கா. எந்தக் காயும் சொல்லாமல் நகரவில்லை. அக்காவின் ராணி விழுந்தது. பிறகு யானை. ராஜாவுக்குப் போக ஒரே ஒரு கட்டம்தான் மிச்சம். அக்காவின் காய் நகரவே இல்லை.

"அக்கா? ஆடுக்கா."

"ஏண்டி... இங்க நெட் போயிடுச்சு போல இருக்கே."

"திரையில உன் பேருக்குப் பக்கத்துல விளக்கு பச்சையா எரியுதுக்கா!"

இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடித்தது. என்னவோ ஏதோ என்று ஓடிவந்த கணவரும், காரணம் தெரியாமலேயே சிரிக்க ஆரம்பித்தார்.